வீட்டுக்குள் கிறிஸ்துவின் அன்பு: முதல் 90 நாட்களுக்கு ஒரு வழிகாட்டி

'ஒருவரில் ஒருவர் அன்பாயிருங்கள்' என்று ஞாயிறுதோறும் கேட்கிறோம். செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குப் பாத்திரம் கழுவாமல் கிடக்கிறது, பிள்ளை தூங்க மாட்டேன் என்கிறது, இருவருக்கும் உடம்பு அலுப்பு. அந்த நேரத்தில் அன்பாயிருப்பது என்றால் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. புதிதாகத் திருமணம் ஆனவர்கள், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், பல ஆண்டுகள் சபைக்குப் போயும் வீட்டில் சத்தம் குறையாதவர்கள் எல்லோரும் இடறுவது இந்த இடத்தில்தான்.

சுவிசேஷங்களில் இயேசு அன்பு காட்டிய இடங்களைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கையால் செய்த வேலையாகத்தான் இருக்கும். சீஷர்களின் கால்களைக் கழுவினார். இறந்துபோன யவீருவின் மகளை உயிரோடு எழுப்பியதும், அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, தம்மை விட்டு ஓடியவர்களுக்குக் காலை உணவு வைத்திருந்தார். ஆகவே இந்த வழிகாட்டி உணர்ச்சியிலிருந்து தொடங்கவில்லை, வேலையிலிருந்து தொடங்குகிறது.

தேவையானவை: ஒரு வேதாகமம், ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம், நாள்தோறும் 20 நிமிடம், மாதம் ஒரு முறை 1 மணி நேரம். துணைவருக்கு விருப்பம் இல்லையென்றால் நீங்கள் மட்டும் தொடங்கலாம். படிகள் 1, 2, 3 ஆகியவற்றுக்கு இன்னொருவரின் சம்மதம் தேவையில்லை.

தொடங்கும் முன்: இந்த வழிகாட்டி யாருக்குப் பொருந்தாது

வீட்டில் அடி, மிரட்டல், பூட்டி வைத்தல், பிள்ளைகளிடம் தவறான நடத்தை இருந்தால் கீழே உள்ள படிகளைத் தொடங்காதீர்கள். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், காவல்துறையின் உதவியைக் கேளுங்கள். 'பொறுத்துக்கொள், அதுதான் சிலுவை' என்று சொல்பவர்கள் சபைக்குள்ளேயே இருப்பார்கள். ஏரோது ராஜா குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடியபோது யோசேப்பு இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார் (மத்தேயு 2:13-14). தம்மேல் கல்லெறிய வந்தவர்களிடமிருந்து இயேசுவும் விலகிப் போனார் (யோவான் 8:59). ஆபத்திலிருந்து விலகுவது அன்பில் குறைவு ஆகாது. மன்னிப்பைப் பற்றிய கேள்வி பிறகு வரட்டும், உயிர் முதலில்.

1. நான்கு பகுதிகளை ஒரு வாரத்தில் வாசியுங்கள்

முழு வேதாகமத்தையும் முடித்துவிட்டுத் தொடங்கலாம் என்று நினைத்தால் தொடங்கவே மாட்டீர்கள். இவை நான்கும் போதும்: யோவான் 13:1-17, பிலிப்பியர் 2:1-8, 1 கொரிந்தியர் 13, எபேசியர் 4:25 முதல் 5:33 வரை. ஒவ்வொன்றையும் ஒரு முறைக்கு இரு முறை வாசித்து, அதில் வரும் வினைச்சொற்களை மட்டும் நோட்டில் எழுதுங்கள். யோவான் 13-இல் இயேசு எழுந்தார், வஸ்திரத்தைக் கழற்றி வைத்தார், சீலையை (துண்டை) இடுப்பில் கட்டிக்கொண்டார், தண்ணீர் வார்த்தார், கழுவினார், துடைத்தார். அந்த அறையில், அவரைக் காட்டிக்கொடுக்கப் போகும் யூதாசும் இருந்தான் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவன் வெளியே போவது 30-ஆம் வசனத்தில்தான். அவன் கால்களும் கழுவப்பட்டன.

இங்கே பலரும் விழும் குழி எபேசியர் 5. கணவர்கள் 22-ஆம் வசனத்தில் வாசிக்கத் தொடங்கி 24-இல் நிறுத்திவிடுகிறார்கள். 21-ஆம் வசனம் 'ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்' என்கிறது. 25-இலிருந்து அதிகாரத்தின் முடிவுவரை பெரும்பகுதி கணவனுக்குத்தான். அவனிடம் கேட்கப்படுவதோ, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்த அளவு. விதி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: அவரவருக்கு எழுதப்பட்ட வசனத்தை அவரவர் வாசிக்கட்டும். மனைவிக்கான வசனத்தைக் கணவன் எடுத்துக் காட்டுவதும், கணவனுக்கானதை மனைவி எடுத்துக் காட்டுவதும் இந்த 90 நாட்களுக்கு வேண்டாம்.

2. சீலையைக் கட்டிக்கொள்ளுங்கள்: ஒரு வேலை, 30 நாள்

வீட்டில் ஒரு வாரத்தில் நடக்கும் வேலைகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். சமையல், துவைப்பது என்று மேலோட்டமாக எழுதினால் பட்டியல் பத்து வரியில் முடிந்துவிடும், உண்மையும் மறைந்துவிடும். காய்கறி தீர்ந்ததைக் கவனிப்பது, பிள்ளையின் மருந்து நேரத்தை நினைவில் வைப்பது, குளியலறை வடிகாலில் சிக்கிய முடியை எடுப்பது, படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு உடை மாற்றுவது என்று பிரித்து எழுதுங்கள். ஒழுங்காக எழுதினால் 40 வரியாவது வரும். ஒவ்வொன்றின் எதிரிலும் இப்போது யார் செய்கிறார் என்று குறியுங்கள். பல வீடுகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள்.

இப்போது உங்கள் பெயர் இல்லாத ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் விரும்பாத வேலையாக இருந்தால் நல்லது. கால் கழுவுவது அந்த நாட்களில் வீட்டில் கடைசி நிலையில் இருந்தவருக்கு விடப்பட்ட வேலை. ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். உற்சாகத்தில் ஐந்து வேலைகளை எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் ஐந்தையும் விட்டுவிடுகிறார்கள், 'இதுவும் நாலு நாள் கூத்துதான்' என்ற எண்ணம் வீட்டில் இன்னும் இறுகிவிடுகிறது.

வேலையைத் தேர்ந்தெடுக்கும் முன் கேளுங்கள். கண் தெரியாத பர்திமேயுவுக்கு என்ன வேண்டும் என்பது பார்த்தாலே விளங்கும். அவனிடமும் 'நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்' என்று இயேசு கேட்டார் (மாற்கு 10:51). 'எந்த வேலை உனக்கு ரொம்ப பாரமாக இருக்கிறது?' என்ற ஒரு கேள்வி போதும்.

எங்கே கெட்டுப்போகும் என்றால்:

அரைகுறையாகச் செய்வது. பாத்திரம் கழுவுவது என்றால் தொட்டியைத் தேய்த்து, மேடையைத் துடைத்து, பாத்திரங்களை அதனதன் இடத்தில் வைப்பதுவரை. மீதியை இன்னொருவர் முடிக்க நேர்ந்தால் நீங்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டதாக ஆகாது.

சொல்லிக் காட்டுவது. விருந்தினர் முன்னால் 'இப்போதெல்லாம் வீட்டில் நான்தான்' என்று ஒரு முறை சொன்னால் போதும், ஒரு மாத உழைப்பு போய்விடும்.

நன்றியை எதிர்பார்ப்பது. முதல் இரண்டு வாரம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். 'என்ன வேண்டுமாம்?' என்று நினைப்பார்கள். அதற்குக் கோபப்படாதீர்கள். பழைய அனுபவம் அப்படிப் பேச வைக்கிறது. மூன்று வாரம் தாண்டிய பிறகுதான் அந்தப் பார்வை மாறத் தொடங்கும்.

3. வீட்டுக்குள் நுழையும் முதல் 10 நிமிடம்

வெளியே போனவர் திரும்பி வரும் நேரம் வீட்டின் மிகப் பலவீனமான நேரம். வந்தவருக்கும் பசி, இருந்தவருக்கும் அலுப்பு. அந்த 10 நிமிடத்துக்கு மூன்று விதிகள்: கைப்பேசி கையில் இருக்கக் கூடாது, குறை எதையும் எடுக்கக் கூடாது, பணப் பேச்சு கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், முகத்தைப் பாருங்கள், தண்ணீர் கொடுங்கள் அல்லது வாங்கிக் குடியுங்கள். இதற்கு மேல் இந்தப் படியில் ஒன்றும் இல்லை. எளிது என்று தள்ளிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

4. சண்டையும் மன்னிப்பும்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. சண்டையே வராமல் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வந்த சண்டை எத்தனை மணி நேரம் நீடிக்கிறது, எப்படி முடிகிறது என்பதைத்தான் மாற்றப் போகிறோம்.

சூடு ஏறும்போது: குரல் உயர்ந்ததும் ஒருவர் நிறுத்தச் சொல்லலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்துபவர் திரும்பி வரும் நேரத்தையும் சொல்ல வேண்டும்: 'அரை மணி நேரம் கொடு, எட்டரைக்குப் பேசலாம்.' நேரம் சொல்லாமல் எழுந்து போனால் மற்றவருக்கு அது அவமதிப்பாகத்தான் தெரியும். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவது எழுந்து போனவரின் கடமை. இடைப்பட்ட நேரத்தில் அடுத்து என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்தால் கோபம் வளரும். மத்தேயு 7:3-5 இருக்கிறது, வாசியுங்கள். என் கண்ணில் இருக்கும் உத்திரம், அதாவது நான் பார்க்காத என் பெரிய குறை எது என்று ஒரு வரி நோட்டில் எழுதுங்கள்.

சாப்பாடு முதலில்: தம்மைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீஷன் பேதுருவிடம் இயேசு பேசத் தொடங்கியது அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு (யோவான் 21:15). பசியோடு இருப்பவரிடம் கடினமான பேச்சைத் தொடங்காதீர்கள். தூக்கம் கண்ணை இழுக்கும்போதும் வேண்டாம்.

சூரியன் அஸ்தமிக்கும் முன்: எபேசியர் 4:26-ஐத் தவறாகப் புரிந்துகொண்டு இரவு ஒரு மணிவரை வாதாடும் தம்பதிகள் உண்டு. அந்த வசனம் எரிச்சல் தணிய வேண்டும் என்கிறது, வழக்கு அன்றே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. 'இது இன்னும் முடியவில்லை, நாளை மாலை பேசலாம், ஆனால் உன்மேல் பகை வைத்துக்கொண்டு தூங்கப் போகவில்லை' என்று சொல்லிவிட்டுப் படுக்கலாம். சொன்னபடி மறுநாள் பேச வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை அந்த வாக்கியம் செல்லாக்காசு.

யாரிடம் முதலில் சொல்வது: மத்தேயு 18:15 'நீயும் அவனும் தனித்திருக்கையில்' என்கிறது. அம்மாவிடம் தொலைபேசியில் சொல்வது, ஜெபக்குழுவில் 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் போடுவது, போதகரிடம் நேராகப் போவது எல்லாம் இரண்டாவது அல்லது மூன்றாவது படி. முதல் படியைத் தாண்டிக் குதித்தால், சண்டை முடிந்த பிறகும் வெளியே போன வார்த்தை திரும்பி வராது. நீங்கள் சமாதானமாகிவிடுவீர்கள், உங்கள் அம்மா ஆகமாட்டார்.

மன்னிப்புக் கேட்கும் முறை: 'சாரி' என்ற ஒரு சொல் பெரும்பாலும் பேச்சை மூடத்தான் பயன்படுகிறது. நான்கு பகுதிகள் வேண்டும்.

முதலாவது, செய்ததைப் பெயர் சொல்லிக் கூறுவது: 'உன் தங்கை முன்னால் உன் சம்பளத்தைப் பற்றிக் கேலி பேசினேன்.' இரண்டாவது, அது அவருக்கு என்ன செய்தது என்பது: 'உனக்குத் தலைகுனிவாகப் போயிற்று.' மூன்றாவது, 'தப்பு என்னுடையது, என்னை மன்னித்துவிடு.' நான்காவது, சரிசெய்வது: 'நாளை அவளிடம் நானே பேசுகிறேன்.' அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன் என்று வரி வசூலிப்பவனான சகேயு சொன்னது இந்த நான்காவது பகுதிதான் (லூக்கா 19:8). அது இல்லாத மன்னிப்பு வார்த்தையோடு நின்றுவிடும்.

'ஆனால்' என்ற சொல் வந்தால் நான்கும் கெடும். 'மன்னித்துவிடு, ஆனால் நீயும்...' என்பது புது வழக்கின் முதல் வரி. 'உனக்கு வருத்தமாக இருந்தால் மன்னித்துக்கொள்' என்பதும் செல்லாது. வருத்தத்தின் பழி அதில் மற்றவர்மேல் போய்விடுகிறது.

மன்னிக்கிறவருக்கு: கேட்டவுடனே கொடுத்தாக வேண்டும் என்று யாரும் உங்களை அவசரப்படுத்த முடியாது. 'கேட்டது நல்லது, எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்' என்பது நேர்மையான பதில். கொடுத்த பிறகு ஒரு கட்டுப்பாடு உண்டு. 1 கொரிந்தியர் 13:5-இல் அன்பு 'தீங்கு நினையாது' என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. அங்கே கிரேக்க மூலத்தில் வரும் வினைச்சொல் கணக்கு எழுதுவதற்கும் பயன்படும் சொல். தீமையைப் பேரேட்டில் பதிந்து வைப்பதில்லை என்று பொருள் கொள்ளலாம். ஆகவே மன்னித்த விஷயத்தை அடுத்த சண்டையில் எடுக்காதீர்கள். 'நாலு வருஷத்துக்கு முன்னால்' என்று வாக்கியம் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

மன்னிப்பும் நம்பிக்கையும் ஒரே நாளில் வருவதில்லை. பொய் சொல்லி வாங்கிய கடனை மன்னிக்கலாம், அதற்குப் பிறகும் கணக்கைப் பார்க்கக் கேட்கலாம். அதை 'நீ இன்னும் மன்னிக்கவில்லை' என்று குற்றம் சாட்டுவது நியாயமில்லை. நம்பிக்கையை உடைத்தவர்தான் மாதக்கணக்கில் திறந்த கணக்காக நடந்து அதைத் திரும்பக் கட்ட வேண்டும்.

5. பணமும் தாள்களும்: மாதம் ஒரு மணி நேரம்

அன்பைப் பற்றிய பேச்சில் பணம் எதற்கு என்று தோன்றலாம். வீட்டில் ஒளித்து வைக்கப்படுவதில் முதலிடம் பணத்துக்குத்தான், அதனால்தான் இங்கே வருகிறது. மாதத்தில் ஒரு நாள், சம்பளம் வந்த ஒரு வாரத்துக்குள், பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்காருங்கள். மேசைமேல் வர வேண்டியவை: இருவரின் வருமானம், வங்கிக் கணக்கு விவரம், எல்லாக் கடன் தாள்களும் (நண்பரிடம் கைமாற்றாக வாங்கியதும் சேர்த்து), காப்பீட்டுத் தாள்கள், வாடகை அல்லது வீட்டுப் பத்திரம், இரு வீட்டுப் பெற்றோருக்கும் அனுப்பும் தொகை, காணிக்கை. இவை எந்த அலமாரியில், எந்த உறையில் இருக்கின்றன என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் திடீரென்று மருத்துவமனையில் படுத்தால் மற்றவர் தாள் தேடி அலைய வைப்பது அன்பாகாது.

முதல் கூட்டத்தில் ஒளித்த கடன் ஒன்று வெளியே வர வாய்ப்பு உண்டு. அன்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். தொகை, வட்டி, யாருக்கு, எப்போது முடியும் என்று நான்கு விவரங்களை மட்டும் எழுதுங்கள். பேச்சை மறுநாள் வையுங்கள். உண்மை சொன்ன இரவிலேயே திட்டு விழுந்தால் அடுத்த உண்மை வெளியே வராது.

பெற்றோருக்கான தொகையில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. காணிக்கை கொடுத்துவிட்டேன், பெற்றோருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை என்பவர்களுக்கு மாற்கு 7:9-13. 'கொர்பான்' (தேவனுக்குக் காணிக்கை) என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்ட இடம் அது. மறுபுறம், துணைவருக்குத் தெரியாமல் தன் வீட்டுக்கு மட்டும் அனுப்புவது. தொகை சமமாக இருக்க வேண்டியதில்லை, தேவைக்கேற்ப மாறலாம். இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதில் விலக்கே கிடையாது.

அவரவர் பெற்றோரிடம் கடினமான விஷயத்தை அவரவர் பேசுங்கள். மருமகளை அனுப்பி மாமியாரிடம் 'முடியாது' சொல்ல வைப்பதும், மருமகனை மாமனாரோடு மோத விடுவதும் பல வீடுகளின் நெடுநாள் கசப்புக்கு வேர்.

6. பிள்ளைகளிடம்

பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேளுங்கள், மேலே சொன்ன அதே நான்கு பகுதிகளோடு. மரியாதை போய்விடும் என்ற பயம் வேண்டாம். தகப்பன் தவறை ஒப்புக்கொள்வதைப் பார்க்காத பிள்ளைக்கு மனந்திரும்புதல் என்ற சொல் பாடப்புத்தகச் சொல்லாகவே இருக்கும்.

வசனத்தைப் பிரம்பாக்காதீர்கள். தவறு செய்ததற்குத் தண்டனையாக 20 வசனம் எழுத வைத்தால், வேதாகமத்தைக் கண்டாலே அந்தத் தண்டனைதான் நினைவுக்கு வரும். பிள்ளைகள் திடனற்றுப் போகும்படி கோபமூட்டாதீர்கள் என்று கொலோசெயர் 3:21 தகப்பன்மாருக்கே சொல்கிறது. மற்ற பிள்ளையோடு ஒப்பிடுவது, ஆட்கள் முன்னால் திட்டுவது, கொடுத்த வாக்கை மறப்பது இந்த மூன்றும் அந்த வகையில் முன் நிற்பவை. சனிக்கிழமை கூட்டிப் போகிறேன் என்றால் கூட்டிப் போங்கள். முடியாது என்று தெரிந்தால் வெள்ளிக்கிழமையே சொல்லுங்கள்.

7. குடும்ப ஜெபம்: 15 நிமிடம், அதற்கு மேல் இல்லை

இதை ஏழாவதாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. காலையில் கத்திவிட்டு, மன்னிப்பும் கேட்காமல், இரவில் பாட்டுப் பாட உட்காரும் வீட்டில் பிள்ளைகள் ஜெபத்தை வெறுக்கிறார்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்றார் இயேசு (மத்தேயு 5:23-24). ஜெபத்துக்கு உட்காரும் முன் 'யாரிடமாவது ஏதாவது பாக்கி இருக்கிறதா?' என்று கேளுங்கள். இருந்தால் அது முடிந்த பிறகு ஜெபம்.

நேரப் பங்கீடு: ஒரு பாட்டு 3 நிமிடம், வாசிப்பு 5 நிமிடம், அன்று நடந்ததில் நன்றி சொல்ல வேண்டியதை ஒவ்வொருவரும் சொல்ல 4 நிமிடம், ஜெபம் 3 நிமிடம். மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரங்கள்தான், நாளுக்குப் பாதி அதிகாரம் என்றால் சுமார் ஒரு மாதத்தில் முடியும். வாசிப்பவர் நாளுக்கு நாள் மாறட்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு ஒரு வசனம் கொடுங்கள். தவறிய நாளுக்காக மறுநாள் இரண்டு பங்கு வாசிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போங்கள்.

பெரிய குழி ஒன்று: ஜெபத்தில் குத்துவது. 'ஆண்டவரே, இந்த வீட்டில் சிலருக்குப் பொறுமையைத் தாரும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது பதில் சொல்ல முடியாத இடத்தில் ஒருவரைத் திட்டுவது. அடுத்தவரின் குறையை வாய்விட்டு ஜெபிக்கக் கூடாது என்று வீட்டில் சட்டமே போடுங்கள். அதைத் தனியறையில் கதவைப் பூட்டிக்கொண்டு சொல்லலாம்.

8. ஓய்வுக்கும் கணக்கு வையுங்கள்

சாப்பிடக்கூட நேரமில்லாத சீஷர்களை 'சற்றே இளைப்பாறுங்கள்' என்று இயேசு தனியே அழைத்துப் போனார் (மாற்கு 6:31). வீட்டில் எப்போதும் கொடுத்துக்கொண்டே இருப்பவர் ஒருவர் இருப்பார். வாரத்தில் 2 மணி நேரம் அவருக்கு எந்த வேலையும் இல்லாமல் விடுங்கள், பிள்ளைகளையும் பெரியவர்களையும் மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் 'அது எங்கே, இது எங்கே' என்று அவரைக் கேட்கக் கூடாது. சபை ஊழியம் வாரத்தில் மூன்று மாலைகளுக்கு மேல் போனால் அதையும் நோட்டில் எழுதிப் பாருங்கள். வெளியே எல்லோரும் பாராட்டும் ஊழியக்காரரின் வீட்டில் இரவுச் சாப்பாடு தனித்தனியாக நடக்கக் கூடும்.

9. 30, 60, 90-ஆம் நாள்

30-ஆம் நாள்: எடுத்துக்கொண்ட வேலையைத் தொடர்வதா, மாற்றுவதா என்று கேளுங்கள். இரண்டாவது வேலை ஒன்றை இப்போது சேர்க்கலாம்.

60-ஆம் நாளை ஒட்டி ஒரு சரிவு வரும். பழைய சண்டை ஒன்று பழைய அளவிலேயே வெடிக்கும், எல்லாம் வீண் என்று தோன்றும். நோட்டை எடுத்து, சண்டை எத்தனை மணி நேரத்தில் முடிந்தது என்று மட்டும் பாருங்கள். முன்பு மூன்று நாள் நீடித்த மௌனம் இப்போது ஓர் இரவில் முடிகிறது என்றால் தொடருங்கள். குறையவே இல்லை என்றால், இருவரும் ஒப்புக்கொள்ளும் மூன்றாவது ஆள் ஒருவரை அழைக்கும் நேரம் இது. போதகராக இருக்கலாம், பயிற்சி பெற்ற குடும்ப ஆலோசகராக இருக்கலாம். ஒருவரின் உறவினராக மட்டும் இருக்க வேண்டாம். மனச்சோர்வு, குடிப்பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் போங்கள், ஜெபத்தோடு சேர்த்து.

90-ஆம் நாள்: முதல் வாரத்தில் எழுதிய வேலைப் பட்டியலை எடுத்து, எதிரில் இப்போது இருக்கும் பெயர்களை வேறு நிற மையில் எழுதுங்கள். பிள்ளைகளையும் உட்கார வைத்து, 'வீட்டில் என்ன மாறியது, என்ன மாறவில்லை' என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை மறுத்துப் பேசாமல், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த 30 நாட்களுக்கான வேலையை அந்தப் பக்கத்திலிருந்து எடுங்கள்.